எச்சரிக்கை வந்ததும் விற்பதா, காத்திருப்பதா?

காலாண்டு முடிவுகள் வருவதற்கு முன்பே ஒரு தொழில்நுட்ப நிறுவனம் "வருவாய் குறையும்" என்று அறிவித்தால், பங்கை உடனே விற்பதா, வைத்திருப்பதா?

விற்பவர்களுக்குச் சாதகமான உதாரணம் இன்டெல். 2000 செப்டம்பரில் எச்சரித்தது. மறுநாளே பங்கு சுமார் 22% சரிந்தது. அந்தச் சரிவிலும் விற்றவர்கள் தப்பித்தார்கள் என்றே சொல்லலாம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் விலை அதிலும் பாதிக்குக் கீழே போனது.

காத்திருப்பவர்கள் ஆப்பிளைக் காட்டுவார்கள். 2019 ஜனவரி 2 அன்று வருவாய் மதிப்பீட்டை 84 பில்லியன் டாலராகக் குறைத்தது. மறுநாள் பங்கு ஏறக்குறைய 10% விழுந்தது. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் விழுந்த விலையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

சரி, எப்படிப் பிரித்தறிவது? சொன்ன காரணத்தை வைத்து முடியாது. இரண்டுமே ஒரு சந்தையில் விற்பனை மந்தம் என்றுதான் சொன்னன: இன்டெல் ஐரோப்பாவைக் கைகாட்டியது, ஆப்பிள் சீனாவை. வித்தியாசம் விலையில் இருந்தது. ஆப்பிள் பங்கு அப்போது, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல சுமார் 13 மடங்கு விலையில்தான் இருந்தது. இன்டெலோ, இணைய நிறுவனப் பங்குகள் கண்மூடித்தனமாக ஏறிய டாட்காம் உச்சத்தின் விலையில்.

எச்சரிக்கைக்கு முன்பே விலை விண்ணைத் தொட்டிருந்தால் நான் விற்பேன். மலிவாக இருந்தால், முழு முடிவுகளைப் படிக்கும்வரை கை வைக்க மாட்டேன்.