சுக்கானை ராவுவதா, ஹைட்ராலிக் மாட்டுவதா?

சறுக்குபவரைக் கயிற்றால் இழுத்துச் செல்லும் நீர்ச்சறுக்குப் படகை ஓட்டுபவர்களுக்குப் பழகிய தொல்லைதான். வேகம் எடுத்ததும் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும். கையைத் தளர்த்தினால் படகு அந்தப் பக்கமே வளைந்துகொண்டு போகும். என் படகு வலப்பக்கம் இழுத்தது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால் தோள்பட்டை கடுக்கும். கேட்ட இடத்திலெல்லாம் மூன்று வழி சொன்னார்கள்: ஸ்டீயரிங்கிலிருந்து சுக்கானுக்கு (படகின் அடியில் இருந்து திசை திருப்பும் தகடு) போகும் கேபிளை மாற்று, எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் மாட்டு, அரத்தை எடுத்துச் சுக்கானின் விளிம்பை ராவு. நான் ராவினேன். அதனால் இந்த அலசலை நடுவர் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இழுப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். இந்தப் படகுகளில் இஞ்சின் நடுவில் இருக்கும். அங்கிருந்து புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் பின்பக்கமாகச் சரிந்து இறங்கி, படகின் அடியைத் துளைத்து வெளியே வரும். ஷாஃப்ட் சாய்வாக இருப்பதால் புரொப்பல்லரும் சாய்ந்தே சுழல்கிறது. கீழே இறங்கும் இலை தண்ணீரை ஆழமாகக் கடிக்கும். மேலே ஏறும் இலை லேசாகக் கடிக்கும். இரண்டு பக்கத்துத் தள்ளுவிசையும் சமமாக இருக்காது. போதாக்குறைக்கு, புரொப்பல்லர் பின்னால் தள்ளும் தண்ணீர் முறுக்கிக்கொண்டு போய் நேரே சுக்கானில் மோதுகிறது. சுக்கானைப் பல படகுகளில் ஷாஃப்டின் நேர்கோட்டில் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்திருப்பார்கள், ஷாஃப்டைக் கழற்றும்போது இடிக்கக் கூடாதே என்று. எல்லாம் சேர்ந்து சுக்கானை ஒரு பக்கம் திருப்பப் பார்க்கும். அந்தத் தள்ளலைத்தான் கையில் உணர்கிறோம். ஆக, புத்தம்புதுப் படகிலும் இது இருக்கும். பழுது என்று பதற வேண்டியதில்லை.

ரிவர்ஸில் பின்பக்கம் ஒதுங்குவது வேறு கதை. அதற்கு இந்த மூன்றுமே மருந்து அல்ல.

கேபிளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கிரீஸ் காய்ந்து கேபிள் இறுகினால் ஸ்டீயரிங் கனக்கும், ஆனால் இழுக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு கேபிளை மாற்றிவிட்டு, பழைய இழுப்போடு திரும்பி வந்தவர்கள் உண்டு. சோதிப்பது எளிது. சுக்கான் தண்டின் மேல் இருக்கும் நெம்புகோலிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, சுக்கானைத் தனியாகத் திருப்பிப் பாருங்கள். சுக்கான் லகுவாகத் திரும்பி, ஸ்டீயரிங் மட்டும் கனத்தால் கேபிள்தான் காரணம். சுக்கானே இறுக்கமாக இருந்தால், தண்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் பேக்கிங்கை யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள், அல்லது கிரீஸ் போய்ச் சேரவில்லை. படகை டிரெய்லரில் ஏற்றியிருக்கும்போதே அடியில் படகை நேராக ஓடவைக்கும் வழிகாட்டித் தகடுகளையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். அதில் ஒன்று வளைந்திருந்தால் சுக்கானை எவ்வளவு ராவினாலும் பலன் இருக்காது.

சரி, உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

ஹைட்ராலிக்கில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பம்ப் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் சிலிண்டரைத் தள்ளும், சிலிண்டர் சுக்கானைத் திருப்பும். நடுவில் இருக்கும் வால்வு, சுக்கான் திருப்பித் தள்ளும் விசையைக் கைக்கு வர விடாது. இழுப்பு எங்கேயும் போகவில்லை; உங்களிடம் சொல்லாமல் சிலிண்டரே தாங்கிக்கொள்கிறது. கைக்கு நல்ல சுகம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், காற்று புகுந்தால் ஏர் எடுக்க வேண்டும், சீல்களுக்கும் வயதாகும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் வேண்டாம் என்று முடிவெடுத்த காரணம் வேறு.

மிதவைகளை மாறி மாறிச் சுற்றிச் சறுக்கும் ஸ்லாலம் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தடத்தின் நீளம் 259 மீட்டர். மணிக்கு 58 கிலோமீட்டரில் போனால் 16 விநாடியில் முடிந்துவிடும். அதற்குள் சறுக்குபவர் ஆறு மிதவைகளைச் சுற்றுகிறார். ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். ஒவ்வொரு முறை அவர் கயிற்றைப் பிடித்துச் சாயும்போதும் படகையே தன் பக்கம் இழுக்கிறார். படகு போக வேண்டிய சந்தின் அகலமோ வெறும் 2.3 மீட்டர். படகு நகர்ந்ததைக் கண்ணால் பார்த்துத் திருத்துவதற்குள் அடுத்த இழுப்பு வந்துவிடும். ஓட்டுபவருக்குக் கைதான் முதலில் சேதி சொல்ல வேண்டும். கேபிள் அதைச் சொல்லும். ஹைட்ராலிக்கில் அந்தச் சேதி வால்வோடு நின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. கேபிள் ஸ்டீயரிங்கில் எப்படியும் கொஞ்சம் ப்ளே, அதாவது தளர்வு, இருக்கும். இழுப்பு துளியும் இல்லாத சுக்கான், அந்த ப்ளேக்குள் இப்படியும் அப்படியும் அலையும். படகு நேராக ஓடாமல் மோப்பம் பிடிக்கிற நாய் மாதிரி போகும். லேசான இழுப்பு இருந்தால் சுக்கான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும், ப்ளே கையில் தெரியாது. அதனால்தான் தயாரிப்பாளர்களே சிறிது இழுப்பை விட்டுவைக்கிறார்கள். ஆக, இழுப்பை அளவாகக் குறைப்பதுதான் வேலை. அளவாகக் குறைக்க அரத்தால் முடியும். ஹைட்ராலிக்குக்கு அந்த நடுவழி கிடையாது.

ராவுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. படகு வலப்பக்கம் இழுத்தால் சுக்கானின் பின்விளிம்பை இடப்பக்கத்தில் சரிவாக ராவ வேண்டும். சரிவின் மேல் ஓடும் தண்ணீர் அங்கே அழுத்தத்தைக் குறைக்கும், விளிம்பு அந்தப் பக்கமாக இழுபடும், பழைய இழுப்பு தணியும். சுக்கான் வெண்கலம் என்றால் கை அரமே போதும். கிரைண்டரைத் தொடாதீர்கள், ஏனென்றால் ராவி எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. இந்த வழியின் ஒரே பெரிய ஆபத்து அதுதான். அரத்தை நாலு தடவை இழுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம் மறுபடியும் நாலு தடவை. நான் மூன்று முறை படகை இறக்கி ஏற்றினேன். முதல் முறை தனியாகவே ஓட்டிப் பார்த்து ஏமாந்தேன். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் என்பதால் என் எடையே படகைச் சாய்த்துவிட்டது. அடுத்த முறை இடப்பக்கம் ஓர் ஆளை உட்காரவைத்து, வழக்கமாகச் சறுக்கும் வேகத்தில், காற்றை எதிர்த்து ஒரு தடவையும் காற்றோடு ஒரு தடவையும் ஓட்டிப் பார்த்தேன். அப்போதுதான் கணக்கு சரியாக வந்தது. இப்போது இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வலப்பக்க இழுப்பு மிச்சம் இருக்கிறது. வேண்டுமென்றேதான் விட்டேன்.

ஹைட்ராலிக்கோடு என் பழக்கம் நண்பரின் படகில் ஒரே ஒரு சீசன்தான். அவர் ஸ்லாலம் பக்கமே போவதில்லை. குழந்தைகளை ரப்பர் டியூபில் உட்காரவைத்து இழுப்பார். அந்த வேலைக்கு அதை நான் குறை சொல்ல மாட்டேன். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும் அதுவே நல்லது. படகின் பின்னால் தொங்கும் அவுட்போர்டு இஞ்சின் என்றால் இந்த வாதமே வேண்டாம். புரொப்பல்லருக்கு மேலே சிறு வால் மாதிரி ஒரு தகடு இருந்தால், போல்ட்டைத் தளர்த்தி அதன் பின்நுனியைப் படகு இழுக்கும் பக்கமே கொஞ்சம் திருப்பி வைத்தால் போதும்.

நான் புரொப்பல்லரை இன்னும் மாற்றவில்லை. அளவோ பிட்ச்சோ (இலைகளின் முறுக்குச் சரிவு) வேறாக இருந்தால் இழுப்பும் மாறும், மறுபடியும் அரத்தோடு கீழே படுக்க வேண்டிவரும். எதிர்த்திசையில் சுழலும் புரொப்பல்லர் மாட்டினால் ராவியது பாதகமாகவே முடியலாம். அப்போது வேறு சுக்கான்தான் வாங்க வேண்டும்.