ஏரா, கார்பனா, எக்ஸ்பிஎஸ்ஸா?

ஆப்பிள் மேக்புக் ஏர் 13 அங்குலம் (எம்3 சிப்), லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 12ஆம் தலைமுறை, டெல் எக்ஸ்பிஎஸ் 13 (9340). மூன்றும் 2024ஆம் ஆண்டின் மெல்லிய மடிக்கணினி மாடல்கள். வேலைக்கு எதை எடுப்பது? கார்பனின் எடை 1.09 கிலோவில் தொடங்குகிறது, எக்ஸ்பிஎஸ் 1.19, ஏர் 1.24. அதிகபட்ச வித்தியாசம் 150 கிராம், அதாவது ஒரு கைபேசியின் எடைகூட இல்லை. ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் சிறு பெட்டி), கேபிள், சார்ஜர் எல்லாம் பைக்குள் போனதும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

அதனால் முதலில் போர்ட்டுகளைப் பாருங்கள். கார்பனில் இரண்டு தண்டர்போல்ட் (வேகமான டைப்-சி), இரண்டு பழைய செவ்வக யூஎஸ்பி, ஒரு எச்டிஎம்ஐ, ஹெட்போன் துளை எல்லாம் உண்டு. கூட்ட அறை புரொஜெக்டரில் நேராகச் செருகலாம். ஏரில் டைப்-சி இரண்டுதான் என்றாலும் சார்ஜுக்குத் தனியாக மேக்சேஃப் என்ற காந்தத் துளை இருப்பதால் இரண்டும் உங்களுக்கே மிஞ்சும். எக்ஸ்பிஎஸ்ஸில் இருப்பதே இரண்டு டைப்-சி. சார்ஜர் ஒன்றை எடுத்துக்கொண்டால் மிச்சம் ஒன்றே ஒன்று. ஹெட்போன் துளையும் கிடையாது. நாள் முழுக்க வயர் ஹெட்செட்டில் பேசுகிறவர்களுக்கு இது தினசரித் தொல்லை.

ஹப் வாங்கினால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சார்ஜரை ஹப் வழியாகக் கொடுக்கும்போது ஹப் தனக்கென்று 10-15 வாட் ஒதுக்கிக்கொள்வது வழக்கம். 65 வாட் சார்ஜரில் கணினிக்கு 50 வாட் வந்தால் அது இயல்புதான். அடுத்தது கேபிள். சார்ஜுக்கென்றே வரும் டைப்-சி கேபிளில் காட்சி போகாது. ‘மானிட்டர் வரவில்லை’ என்றால் டிரைவரைத் தோண்டுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். ஏர் எம்3இல் வெளி மானிட்டர் இரண்டு ஓட வேண்டுமானால் மூடியை மூடியிருக்க வேண்டும்.

விசைப்பலகையில் எக்ஸ்பிஎஸ் தோற்கிறது. எஃப்1 முதல் எஃப்12 வரையிலான வரிசை முழுவதும் தொடு விளக்குகள். எஸ்கேப், டெலீட் விசைகளும் அதில்தான். எக்செலில் எஃப்2, எஃப்4 தட்டிப் பழகிய கணக்காளருக்கு விரல் நுனியில் எதுவுமே தட்டுப்படாது. டச்பேடுக்கும் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கோடு இல்லை. கடையில் பார்க்க அழகு, வேலையில் எரிச்சல்.

ஏரில் விசிறி இல்லை. ஆவணம், மின்னஞ்சல், உலாவி என்றால் சத்தமே இல்லாமல் ஓடும். நீண்ட வீடியோ ஏற்றுமதியோ பெரிய கம்பைலோ (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றுவது) போட்டால் சில நிமிடங்களில் சூடேறி வேகம் இறங்கும். ஏசி இல்லாத அறையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மற்ற இரண்டிலும் விசிறி உண்டு. ஆனால் மெத்தைமேல் வைத்தால் அடியிலுள்ள காற்றுத்துளை அடைபடும், ஏரைவிட மோசமாகக் கொதிக்கும்.

பேட்டரி: ஏர் 52.6 வாட்-மணி, எக்ஸ்பிஎஸ் 55, கார்பன் 57. விளம்பர மணிநேரத்தை நம்பாமல் நீங்களே வகுத்துப் பாருங்கள். சராசரியாக 6 வாட் இழுக்கும் எழுத்து வேலையில் 57 வாட்-மணி ஒன்பதரை மணிநேரம் தாங்கும். வீடியோ அழைப்பில் 14 வாட் இழுத்தால் 4 மணிநேரம்தான். விண்டோஸ் கணினிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூடி மூடியபின் ஸ்லீப்பிலிருந்து தானே விழித்து, பைக்குள்ளேயே சூடாகி, பேட்டரியைக் குடித்துவிடும். பவர் அமைப்பில் ‘மூடியை மூடினால் ஹைபர்நேட்’ (வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) என்று மாற்றினால் தீரும். திறக்கும்போது சில நொடிகள் கூடும், அவ்வளவே.

ரேம் மூன்றிலும் பலகையோடு பற்றவைத்தது, பிறகு கூட்ட முடியாது. 16 ஜிபிக்குக் குறைந்து எடுக்காதீர்கள். 2024 அக்டோபர் வரை ஏரின் அடிப்படை மாடல் 8 ஜிபிதான், பழைய இருப்பைத் தள்ளுபடியில் தந்தால் முதலில் இதைக் கேளுங்கள். கோப்புகள் சேரும் எஸ்எஸ்டியைக் கார்பனிலும் எக்ஸ்பிஎஸ்ஸிலும் மாற்றலாம், ஏரில் முடியாது.

மென்பொருளும் முடிவை மாற்றும். கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸுக்கானது. மேக் எக்செலில் பெரிய தரவை அலசும் பவர் பிவட் இல்லை. கணக்கு அலுவலகத்துக்குக் கார்பன்தான் சரி. எழுத்து, வடிவமைப்பு, உலாவி வேலை என்றால் ஏர். எக்ஸ்பிஎஸ்ஸை, அந்த விசைப்பலகையில் அரைமணி தட்டிப் பார்த்துப் பிடித்தவர்கள் மட்டும் எடுக்கலாம்.

பழையதாக வாங்குகிறவர்களுக்கு: ஏரில் முந்தைய உரிமையாளரின் ஆக்டிவேஷன் லாக் (அவரது ஆப்பிள் கணக்கோடு பிணைந்த பூட்டு) நீங்கியிருக்கிறதா என்று, புதிதாக அமைக்கும் திரைவரை போய்ப் பாருங்கள். திங்க்பேடில், கணினி தொடங்கும்போதே எஃப்1 தட்டி பயாஸுக்குள் (அடிப்படை அமைப்புத் திரை) நுழையுங்கள். சூப்பர்வைசர் கடவுச்சொல் கேட்டு, விற்பவருக்கும் அது தெரியாதென்றால் வாங்காதீர்கள். அதற்கு லெனோவோ சொல்லும் ஒரே வழி மதர்போர்டை மாற்றுவதுதான்.