பஸ் வீட்டுக்குக் கதவு: முழுப்பலகையா, பிளைவுட்டா?

அமெரிக்காவில் பழைய மஞ்சள் ஸ்கூல் பஸ்ஸை வீடாக மாற்றுகிறவர்கள் பலர் மடக்குக் கதவைக் கழற்றிவிட்டு மரக்கதவு போடுகிறார்கள். ஓக் பலகையில் செய்தால் பார்க்க அள்ளும், ஆனால் 35 மி.மீ. கனத்தில் ஆளுயரக் கதவு 35 கிலோவைத் தொடும், ஈரக்காற்றில் பலகை அகலவாக்கில் உப்பி நிலையில் இறுகிக்கொள்ளும், தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். மரச்சட்டத்தின் இருபுறமும் 6 மி.மீ. மெரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் பசையில் ஒட்டிய ஒட்டுப்பலகை) ஒட்டி நடுவில் ஃபோம் வைத்தால் எடை பாதிதான், குளிரும் உள்ளே வராது. விளிம்பில் மட்டும் எபாக்சி என்கிற இறுகும் பிசின் பூசாமல் விட்டால் பிளைவுட் தண்ணீர் குடித்து உரிந்துவிடும். என் ஓட்டு இதற்கே. அழகுக்கு மேலே மெல்லிய ஓக் ஒட்டிக்கொள்ளலாம், யார் தட்டிப் பார்க்கப் போகிறார்கள்!

சரி, எதுவானாலும் ஓடும்போது பஸ்ஸின் கூடு முறுகும், சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி விட்டு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். அப்புறம் கீல் கதவின் முன்பக்க விளிம்பில், பஸ்ஸின் மூக்கை ஒட்டி இருக்கட்டும், பின்பக்கம் வைத்தால் தாழ்ப்பாள் நழுவிய நொடியில் காற்று கதவைப் பிடுங்கி விரித்துவிடும்.