ராமைக் கூட்டுவதா, டிஸ்க்கை மாற்றுவதா: மடிக்கணினியைத் திறக்கும் முன் ஓர் ஒப்பீடு

வந்தாறுமூலையில் படிக்கும் என் மருமகன் சென்ற விடுமுறையில் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து, மட்டக்களப்பு கல்லடியில் உள்ள என் வீட்டு மேசையில் வைத்து, "மாமா, இதுக்கு ஒரு 8 ஜிபி ராம் போட்டாப் பறக்கும் எண்டு சொல்றாங்க" என்றான். அந்த வாரமே, கல்முனையில் கணக்கு வேலை பார்க்கும் நண்பர் ஒருவரும் தம்முடைய கணினியைப் பற்றி ஏறக்குறைய அதையே கேட்டார். இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தால் ஒருவருடைய பணம் வீணாகியிருக்கும். ஏனெனில் மருமகனின் கணினியில் 4 ஜிபி ராமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன, நண்பருடையதில் 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தன. ராம் என்பது வேலை நடக்கும்போது மட்டும் தரவை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்; எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளிலேயே கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க். வேகம் குறைந்துவிட்ட மடிக்கணினிக்கு மூன்று வழிகள் உண்டு: வெறுமையாக இருக்கும் ஸ்லொட்டில் இன்னொரு ராமைச் செருகலாம், இருப்பதைக் கழற்றிவிட்டு ஒரே மாதிரியான இரண்டை வாங்கிப் போடலாம், ராமைத் தொடாமல் ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றலாம். எது யாருக்குப் பொருந்தும் என்பதோடு, அந்த வேலையை நாமே செய்வதா கடையில் கொடுப்பதா என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

ராமா, டிஸ்க்கா?

ராம் நிறைந்துவிட்டால் கணினி நின்றுவிடுவதில்லை. உடனடியாகத் தேவைப்படாத பகுதிகளை விண்டோஸ் டிஸ்க்கில் ஒதுக்கி வைக்கிறது. நாம் அந்தப் பக்கத்துக்குத் திரும்பும்போது மீண்டும் எடுத்து வருகிறது. இந்தப் போக்குவரத்துக்கு ஆகும் நேரம்தான் நாம் உணரும் மந்தம். ராமில் உள்ள ஒன்றை எட்ட ஏறத்தாழ 100 நானோ விநாடி போதும். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு ஒரு சுற்று முடிக்கவே 11 மில்லி விநாடி ஆகிறது. சராசரியாக அதில் பாதிக்குக் காத்திருந்து, வாசிக்கும் முனை இடம்பெயரும் நேரத்தையும் சேர்த்தால் 10 மில்லி விநாடியைத் தாண்டிவிடும், அதாவது ராமைவிட ஒரு லட்சம் மடங்கு தாமதம். எஸ்எஸ்டி அதே வேலையை மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவில் முடித்துவிடுகிறது. ஆகையால் ராம் பற்றாக்குறை எஸ்எஸ்டி உள்ள கணினியில் ஒரு சிறு தயக்கமாகவும், ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் மௌஸ் அம்பு கூட அசையாத உறைவாகவும் தெரிகிறது.

மறுபுறம், ராமை 16 ஜிபி ஆக்கினாலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் எழும்பும் நேரம் பெரிதாகக் குறையாது. கணினியை இயக்கும் கணத்தில் ராம் வெறுமையாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்தே வாசித்தாக வேண்டும். மருமகனின் முறைப்பாடு, காலையில் இயக்கிவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்பினாலும் கணினி தயாராகவில்லை என்பதே. அவனுக்கு நான் சொன்னது எஸ்எஸ்டி முதலில், ராம் அடுத்த தவணையில் என்பதாகும். 4 ஜிபி போதும் என்று இதற்குப் பொருள் இல்லை. விண்டோஸ் 11 கேட்கும் ஆகக் குறைந்த ராம் 4 ஜிபி என்று எழுதியிருப்பது நிறுவுவதற்கான அளவு மட்டுமே. குரோமில் பத்துப் பக்கங்களையும் ஒரு சூம் வகுப்பையும் சேர்த்துத் திறந்தால் அது மூச்சுத் திணறும். ஆனால் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கூடுதலாகத் திருப்பித் தருவது எஸ்எஸ்டிதான். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி உறையில் போட்டுக் கோப்புகளைச் சேமிக்கப் பயன்படுத்தலாம் என்பது மேலதிக இலாபம். விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டும், அல்லது பழைய டிஸ்க்கை அப்படியே படியெடுக்க வேண்டும் என்ற தொல்லை மட்டும் ராம் வழியில் இல்லாதது.

நண்பரின் நிலை வேறு. வழக்கமான வேலைகள் அனைத்தையும் திறந்து வைத்துக்கொண்டு, ராம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மனேஜரைப் பார்க்கச் சொன்னேன். நினைவகம் 90 சதவீதத்துக்கு மேல் நின்றது. எஸ்எஸ்டி ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இப்படித் தெரிந்தால், ராமைத் தவிர வேறு மருந்து இல்லை. நினைவகம் 60 சதவீதத்தில் நிற்கும் கணினிக்கு 16 அல்ல, 32 ஜிபி போட்டாலும் எதுவும் மாறாது என்பதையும் இதே இடத்தில் சொல்லிவிட வேண்டும். நிரம்பாத குடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குடம் வைப்பது போன்றது அது.

ஒன்றைச் சேர்ப்பதா, இரண்டையும் மாற்றுவதா?

கடையில் கேட்டால் பெரும்பாலும் "சோடியாகப் போடுங்கள்" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தும் உண்மை அல்ல. இரண்டு ஸ்லொட்டிலும் ராம் இருக்கும்போது செயலி இரண்டையும் ஒரே நேரத்தில் வாசிக்கிறது. டிடிஆர்4 3200 வகை ராம் (டிடிஆர்4 என்பது ராமின் தலைமுறை, 3200 அதன் வேகம்) ஒன்று விநாடிக்கு 25.6 ஜிபி வரை கொடுக்கும். இரண்டு இருந்தால் 51.2 ஜிபி. எழுத்து வேலைக்கும் எக்செல் தாளுக்கும் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. தனி கிராபிக்ஸ் காட் இல்லாத மடிக்கணினியில் வீடியோ தொகுப்பவருக்கும் விளையாடுபவருக்கும் அது நன்றாகத் தெரியும். ஏனெனில் அங்கே திரையை வரையும் பகுதியும் இதே ராமைத்தான் பங்கிட்டுக்கொள்கிறது. இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ உள்ள கணினி, ஒரு ராம் மட்டும் இருக்கும்போது தன்னை வெறும் யூஎச்டி கிராபிக்ஸ் என்றே காட்டிக்கொள்ளும். இரண்டாவதைச் செருகியதும் பெயரே மாறிவிடும். ரைசன் கணினிகளில் 8 ஜிபியில் ஒரு பகுதியைக் கிராபிக்ஸ் முன்கூட்டியே எடுத்துக்கொள்வதால், விண்டோஸுக்கு 6 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகவே மிஞ்சுவதும் உண்டு.

இந்த நன்மையைப் பெற ஒரே உறையில் விற்கும் சோடி தேவையில்லை என்பதே என் கருத்து. நண்பரின் கணினியில் 8 ஜிபி ஒன்று இருந்தது, மற்ற ஸ்லொட் வெறுமை. அதே வகையில் இன்னொரு 8 ஜிபி போட்டால் 16 ஜிபியும் கிடைக்கிறது, இருவழி வாசிப்பும் கிடைக்கிறது, பாதிச் செலவில். கம்பனி வேறாக இருக்கலாமா என்பது அடுத்த கேள்வி. உறையில் என்ன பெயர் இருந்தாலும், உள்ளே இருக்கும் சில்லுகளில் மிகப் பெரும் பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்றிலிருந்தே வருகிறது. வேகம் வேறுபட்டால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஒத்துப்போகும். 2666க்குப் பக்கத்தில் 3200ஐப் போட்டால் இரண்டும் 2666இல் ஓடும், அவ்வளவே. அளவு வேறுபட்டாலும் பெரும்பாலான கணினிகள் சமாளிக்கும்: 4 ஜிபியோடு 8 ஜிபி சேர்ந்தால், 8 ஜிபி அளவுக்கு இருவழியாகவும் எஞ்சிய 4 ஜிபி ஒருவழியாகவும் இயங்கும்.

சோடியாக மாற்றுவது எங்கே வெல்கிறது? இரண்டு ஸ்லொட்டிலும் 4 ஜிபி வீதம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் கணினியில் வேறு வழி குறைவு. அப்போதும் ஒன்றை மட்டும் 8 ஆக்கி 12 ஜிபியோடு நிறுத்துவது சிக்கனம். வெவ்வேறு ராம்கள் எப்போதாவது ஒத்துப்போகாமல் நீலத் திரை காட்டுவதுண்டு; ஆய்வறிக்கைக் காலத்தில் அந்தத் தலைவலி வேண்டாம் என்பவர் சோடிக்கு மேலதிகப் பணம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் 2025இன் பிற்பகுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் ராமைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதால் உலகெங்கும் விலை ஏறியிருக்கிறது. மைக்ரோன் அந்த டிசம்பரில், குரூசியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. நல்ல நிலையில் உள்ள ராமைக் கழற்றி இலாச்சியில் போடுவதற்கு இது ஏற்ற காலம் அல்ல.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

டிடிஆர்3 ராமுக்கு விளிம்பில் 204 பொன்னிற முனைகள், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. வெட்டு இருக்கும் இடமும் வேறுபடுவதால் ஒன்று மற்றதன் ஸ்லொட்டில் இறங்காது. இறங்கிவிடுகிற தவறு ஒன்று உண்டு, அதைச் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். டிடிஆர்3இல் 1.5 வோல்ட் வகையும், டிடிஆர்3எல் எனப்படும் 1.35 வோல்ட் வகையும் வடிவத்தில் ஒன்றே. இன்டெல் 4ஆம் தலைமுறை மடிக்கணினி ஒன்றுக்கு, ஒட்டியில் "பிசி3எல்" என்று இருக்கிறதா என்று பாராமல் வெறும் "பிசி3" வாங்கி வந்தேன். அழகாகப் பொருந்தியது, திரை இருண்டபடியே இருந்தது. எல் என்ற ஓர் எழுத்தைக் கவனிக்காததற்கு நகரத்துக்கு இன்னொரு முறை போய்வர வேண்டியதாயிற்று. 6ஆம் தலைமுறைச் செயலிகள் டிடிஆர்3எல், டிடிஆர்4 இரண்டையும் ஏற்பவை என்பதால், செயலியின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவதும் ஆபத்தானது. பழைய ராமைக் கழற்றி ஒட்டியைப் படம் பிடித்துக்கொண்டு போவதே நம்பகமான வழி.

அதற்கும் முன்னால், ஸ்லொட் இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பகுதியில் அதிகம் கைமாறும் பாவித்த கணினிகளில் திங்க்பாட் டி480க்கு இரண்டு ஸ்லொட்டுகள் உண்டு. பெயரில் ஓர் எஸ் கூடிய டி480எஸ்இல் ஒரு பகுதி பலகையோடு பற்றவைக்கப்பட்டு ஒரு ஸ்லொட் மட்டுமே இருக்கிறது. எக்ஸ்1 கார்பனில் எல்லாமே பற்றவைக்கப்பட்டது. மக்புக் ஏரிலும் அப்படியே. 2024இல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ராம் செயலியின் பொதிக்குள்ளேயே இருக்கிறது. டாஸ்க் மனேஜர் "2இல் 2 பயன்பாட்டில்" என்று காட்டினாலும் அவற்றில் ஒன்று பற்றவைத்ததாக இருக்கலாம் என்பதால், மாதிரி எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் கையேட்டில் பார்ப்பது நல்லது.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தெரிவு அதிகம். ஆனால் மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீட்டருக்கு மேல். தவறான ராமைத் திருப்பிக் கொடுக்க கூரியர் செலவும் இரண்டு மூன்று நாட்களும் போய்விடும். நகரத்திலோ கல்முனையிலோ வாங்கினால் கணினியையே கையில் கொண்டுபோய், கடை மேசையிலேயே செருகி இயக்கிப் பார்த்து வாங்கலாம். சிறு விலை வேறுபாட்டை இந்த வசதி ஈடுசெய்துவிடும். பாவித்த ராமும் மோசமான தெரிவல்ல. அசையும் பாகம் எதுவும் இல்லாததால் அது ஹார்ட் டிஸ்க்கைப் போல் தேய்வதில்லை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஓரிரவு ஓடவிட்டுப் பிழை வந்தால் மாற்றித் தர ஒப்புக்கொள்ளும் கடையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் கையா, கடைக்காரர் கையா?

வேலை என்று பார்த்தால் அது கால் மணி நேரத்துக்குரியது. கணினியை முழுமையாக நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, அடிப்பக்கத் திருகாணிகளை எடுத்து, மூடியைத் திறந்ததும் முதலில் பற்றரியின் இணைப்பைப் பலகையிலிருந்து விடுவிக்க வேண்டும். ராமை ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் ஸ்லொட்டுக்குள் முழுமையாகத் தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இரு பக்கக் கொளுவிகளும் 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும். பொன்னிற முனைகள் வெளியே நீளமாகத் தெரிந்தால் அது சரியாக இறங்கவில்லை. நிலைமின்சாரம் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். மாரிக்கால ஈரப்பதத்தில் நமக்கு அந்தப் பயம் குறைவு. கச்சான் காற்று வறட்சியாக வீசும் நாட்களிலும் குளிரூட்டிய அறையிலும் ஓர் உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு வேலை தொடங்குவது போதும். கடற்கரையை ஒட்டி வசிக்கும் நமக்குப் பெரிய எதிரி உப்புக்காற்று. பழைய ராமின் முனைகள் மங்கியிருந்தால் வெள்ளை அழிறப்பரால் மென்மையாகத் துடைத்து, துகள் ஒன்றுகூட ஸ்லொட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடையில் கொடுப்பதன் மேன்மை இரண்டு இடங்களில் தெரிகிறது. ஒன்று, மூடி பிளாஸ்டிக் கொளுவிகளால் இறுக்கப்பட்டிருக்கும் மெல்லிய கணினிகள். பழக்கமில்லாத கை அவற்றில் ஒன்றிரண்டையாவது உடைத்துவிடும். இரண்டு, உத்தரவாதக் காலம் முடியாத கணினி; அதைத் திறக்கும் முன் விற்றவரிடம் கேட்டுவிடுவது அவசியம். மற்றபடி டி480 போன்றவற்றை வீட்டிலேயே திறப்பதைத்தான் நான் விரும்புகிறேன். கூலி மிச்சமாவது சிறிய காரணம். தானே செருகியவருக்கு உள்ளே எந்த ராம் இருக்கிறது, ஒட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரிந்திருக்கும் என்பதே பெரிய காரணம்.

மூடியபின் முதல் முறை இயக்கும்போது திரை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் இருண்டிருக்கும். டிடிஆர்5 கணினிகளில் இது சில நிமிடங்கள் கூட நீடிக்கலாம். ராமைப் பழக்கப்படுத்தும் நேரம் அது, பதறி நிறுத்தக் கூடாது. அதன் பிறகும் எழும்பவில்லை என்றால் புதியதைக் கழற்றிப் பழையதை மட்டும் வைத்து இயக்கிப் பார்க்க வேண்டும். எழும்பினால் குற்றம் புதிய ராமில், எழும்பாவிட்டால் எங்கோ இணைப்பில். சோடியாக மாற்றியவர்களும் இந்தச் சோதனைக்காகவேனும், கடைக்காரரின் உத்தரவாத ஒட்டியைக் கிழிக்காமல் புதியதை வைத்திருக்கும் காலம் முழுவதும், பழைய ராமை விற்காமல் வைத்திருப்பது நல்லது.