கேன், லின், ஃபிளெக்ஸ்ரே, ஈதர்நெட்: வண்டிக்குள் யார் எப்போது பேசுவது?

வண்டிக்குள் ஓடும் நெட்வொர்க்குகளை ஒப்பிடும்போது பலரும் வேகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். லின் நொடிக்கு 20 கிலோபிட், கேன் 1 மெகாபிட், ஃபிளெக்ஸ்ரே 10, ஈதர்நெட் 100, அதற்கு மேலும். நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: இரண்டு ஈசியூக்கள் (வண்டியின் ஒவ்வொரு பகுதியையும் கட்டுப்படுத்தும் சிறு கணினிகள்) ஒரே நேரத்தில் பேச வாயெடுத்தால் யாருக்கு வழி கிடைக்கும்?

கேனை பாஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்டது. முறுக்கிய இரண்டு வயர்கள், இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர். (பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயருக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை ரெசிஸ்டரின் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது.) ஒவ்வொரு செய்தியும் ஓர் அடையாள எண்ணோடு தொடங்கும். வயரில் 0 எப்போதும் 1-ஐ அமுக்கிவிடும். தான் 1 அனுப்பியும் வயரில் 0 தெரிந்தால் அந்த ஈசியூ உடனே ஒதுங்கிக்கொள்ளும். சிறிய எண் கொண்ட செய்தி ஒரு பிட்கூடச் சிதையாமல் தொடர்ந்து போகும். மோதியும் நேரம் வீணாகவில்லை! இவ்வளவு எளிமையாக அவசரத்துக்கு முன்னுரிமை தரும் முறையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

வேகத்துக்குத் தடையும் இதுவேதான். ஒரு பிட் முடிவதற்குள் சிக்னல் வயரின் மறுமுனை வரை போய்த் திரும்பியாக வேண்டும். அதனால்தான் 1 மெகாபிட்டில் வயரின் நீளம் சுமார் 40 மீட்டரோடு நின்றுவிடுகிறது. 2012-ல் வந்த, கேனின் மேம்பட்ட வடிவமான கேன் எஃப்டி இதை அழகாகத் தாண்டியது. போட்டி முடிந்த பிறகு பேசுவது ஒருவர் மட்டுமே, அப்புறம் எதற்கு மெதுவாகப் பேச வேண்டும்? தரவுப் பகுதியை மட்டும் 5 மெகாபிட் அளவுக்கு விரைவாக அனுப்பலாம். ஒரு செய்தியில் 8 பைட் என்றிருந்தது 64 ஆனது.

லினில் இந்தப் போட்டியே கிடையாது. ஒற்றை வயர், 12 வோல்ட், மாஸ்டர் என்ற ஒரு ஈசியூ கேட்டால்தான் ஸ்லேவ்கள் எனப்படும் மற்றவர் பதில் சொல்ல முடியும். செய்தியின் தொடக்கத்திலேயே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் பைட் வருவதால், ஸ்லேவ்களுக்குத் துல்லியமாக நேரம் காட்டும் கிரிஸ்டல்கூடத் தேவையில்லை. கண்ணாடி மோட்டார், மழை சென்சார், சீட் ஆகியவற்றுக்கு இது போதும். பிரேக்குக்குப் போதாது. மாஸ்டர் செத்தால் எல்லோரும் ஊமை.

ஃபிளெக்ஸ்ரே கால அட்டவணையில் ஓடுவது. யார் எந்த நொடித்துகளில் பேசுவார் என்பது வண்டி வடிவமைப்பிலேயே முடிவாகிவிடும், வேண்டுமானால் இரண்டு சேனல்களிலும் அனுப்பலாம். 2006-ல் பிஎம்டபிள்யூ எக்ஸ்5-ன் சஸ்பென்ஷனில் முதன்முதலாக வந்தது. நேர உறுதியில் கேன் இதை நெருங்க முடியாது. ஆனால் பின்னால் ஒரு ஈசியூவைச் சேர்க்க நினைத்தால் அட்டவணையையே மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். புது வடிவமைப்பு என்றால் நான் இதை எடுக்க மாட்டேன்.

ஈதர்நெட்டைக் கொண்டுவந்தது கேமராதான். 1280 × 720 படம், நொடிக்கு 30, பிக்சலுக்கு 24 பிட் என்று பெருக்கினால் சுமார் 660 மெகாபிட். கேனில் இது நினைத்தே பார்க்க முடியாதது. அழுத்திச் சுருக்கினால் 100 மெகாபிட் ஈதர்நெட்டில், ஒரே ஜோடி வயரில், 15 மீட்டர் வரை போய்விடும். இங்கே வயரை யாரும் பகிர்வதில்லை. ஆனால் செய்திகளைப் பிரித்து அனுப்பும் சுவிட்ச் என்ற கருவிக்குள் அவை வரிசையாக நிற்கும், அதற்கு நேர ஒழுங்கைத் தனியாகச் சேர்த்தாக வேண்டும். சின்ன சென்சாருக்கு சுவிட்ச் வைப்பது வீண். பலரும் ஒரே வயரைப் பகிரும் 10 மெகாபிட் ஈதர்நெட் வகை 2019-ல் வந்திருக்கிறது. முறை வைத்துப் பேசும் இதுவும், 2048 பைட் வரை ஏற்றும், கேனின் அடுத்த தலைமுறையான கேன் எக்ஸ்எல்லும் நேருக்கு நேர் மோதப் போகின்றன.

அதுவரை என் தேர்வு: கதவுகளுக்கு லின், இஞ்சினுக்கும் பிரேக்குக்கும் கேன் எஃப்டி, கேமராவுக்கு ஈதர்நெட், நடுவில் இவற்றுக்கிடையே செய்திகளைக் கடத்தும் ஒரு கேட்வே. கேன் எஃப்டிக்கு நான் இவ்வளவு சாய்வதற்கு வேகம் மட்டும் காரணமில்லை. கேனில் வரும் எண் செய்தியுடையது, அனுப்பியவருடையது அல்ல. ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள வயரை எட்டிப் பிடித்தவன் போலிச் செய்தி அனுப்பினால் மற்ற ஈசியூக்கள் அப்படியே நம்பும். செய்தியோடு ரகசியச் சரிபார்ப்புக் குறியீடு ஒன்றைச் சேர்த்தால் இதைத் தடுக்கலாம். 8 பைட்டுக்குள் அதைத் திணிப்பது பெரும்பாடு, 64 பைட்டில் தாராளமாக இடம் இருக்கிறது.