பளபளப்பைத் துடைத்த பாட்டில்கள்: பொலோனியாவில் மொராண்டி அருங்காட்சியகம்

மகள் வேலை பார்ப்பது இத்தாலியில், பொலோனியா நகரத்தில். நானும் மனைவியும் அங்கே போய் இறங்கியதும், "முதலில் எங்கே போகலாம் அப்பா?" என்று கேட்டாள். கோபுரங்களை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஓவியர் மொராண்டியின் அருங்காட்சியகம் என்றேன்.

முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். மேசை மேல் ஒரு பித்தளைச் சொம்பு, ஒரு மண்கலயம், இரண்டு எலுமிச்சம்பழம். மாடல் டிராயிங் வகுப்பு என்றால் அவ்வளவுதான். ஜார்ஜோ மொராண்டியும் (1890–1964) 1914 முதல் பதினைந்து வருடம் இதே ஊரின் ஆரம்பப் பள்ளிகளில் டிராயிங் சொல்லிக் கொடுத்தவர். வாழ்நாள் முழுக்க அவர் வரைந்ததும் பெரும்பாலும் பாட்டில், ஜாடி, தகர டப்பா, கிண்ணம்தான். 1948-இல் வெனிஸ் பியனாலே என்கிற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அவருக்கு ஓவியப் பரிசும் கிடைத்தது.

அருங்காட்சியகம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். முதல் உலகப் போர் நேரத்தில் ஊருக்கே ரொட்டி சுட்ட பேக்கரிக் கட்டடம் அது. இப்போது மாம்போ என்கிற நவீனக் கலைக்கூடம். அதற்குள் 2012 முதல் மொராண்டிக்குத் தனி அறைகள். இந்தச் சேகரிப்பில் பெரும்பங்கு அவர் தங்கை மரியா தெரேசா நகரத்துக்குக் கொடுத்தது.

படங்கள் சின்னவை. பலவற்றின் அகலம் இரண்டு ஜாண்தான் இருக்கும். தலைப்பும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒன்றே: 'நத்தூரா மோர்த்தா'. அசையாப் பொருள் ஓவியத்துக்கு இத்தாலியர் சொல்லும் பெயர். வருடத்தைப் பார்த்துத்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் போயிருக்கும், மனைவி என் கையைத் தொட்டு, "இந்த வெள்ளைப் பாட்டில் அந்த ரூம்லயும் இருந்துச்சே" என்றாள். ஓவியம் பற்றி எதுவும் படிக்காதவள். அதன்பிறகு அந்தப் பாட்டிலை அவள்தான் ஒவ்வொரு படத்திலும் தேடிக் கண்டுபிடித்தாள்.

எனக்கு நெஞ்சில் தைத்தது வேறு. சொம்பு வரையும்போது எங்கே பளபளக்கிறதோ அங்கே தாளை வெள்ளையாக விடு என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! மொராண்டி செய்தது நேர் எதிர். பாட்டிலுக்கு உள்ளேயும் வெளியேயும் மங்கலான வண்ணம் பூசி, பளபளப்பையே இல்லாமல் செய்துவிட்டுத்தான் வரைய உட்காருவார். படிந்த தூசியையும் துடைக்க மாட்டார். பளபளப்பு போன பிறகு மிஞ்சுவது சன்னல் வழியாக வந்து பொருள் மேல் உட்காரும் வெளிச்சம் மட்டும். கண் அதற்குப் பழக நேரம் ஆகிறது. பழகியதும் இரண்டு ஜாடிக்கு நடுவில் உள்ள சந்துகூட ஜாடியைப் போலவே கனமாகத் தெரிகிறது. ஒரு படத்தின் முன்னால் கால் வலிக்கிற வரை நின்றேன்.

செதுக்கு அச்சுப் படங்களை (எட்சிங், உலோகத் தகட்டில் கோடு போட்டு அச்சிடுவது) அவசரமாகக் கடந்து போகாதீர்கள். 1930 முதல் 1956 வரை இங்குள்ள கலைக் கல்லூரியில் அவர் கற்றுக்கொடுத்தது அதுதான். நிழல் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமான கோடுகள். விரலால் தேய்த்து நிழல் போடும் பிள்ளைகளை இங்கே கூட்டி வந்து காட்ட முடியவில்லையே என்று ஆதங்கமாக இருந்தது.

மறுநாள் அவருடைய வீடு. ஃபொண்டாட்சா தெரு, 36-ஆம் எண். தூண் வைத்த நடைபாதையிலேயே நிழலில் நடந்து போகலாம். 1910 முதல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார், அம்மாவோடும் மூன்று தங்கைகளோடும். தங்கைகளின் படுக்கையறை வழியாகத்தான் அவர் அறைக்குப் போக வேண்டும். ஒற்றைக் கட்டில், படம் வைத்து வரையும் தாங்கி, முற்றத்தைப் பார்த்த சன்னல், அப்புறம் அந்தப் பாட்டில்கள். வெள்ளைப் பாட்டிலைப் பார்த்ததும், சொந்தக்காரரைக் கண்டதுபோல மனைவி சிரித்தாள்.

பொருள் நகர்ந்துவிடக் கூடாது என்று மேசைத்தாளில் அதன் அடியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைப்பாராம். நானும் சொம்பைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுவேன், அடுத்த வாரம் அதே இடத்தில் வைக்க. அந்த அறையைப் பார்த்தபடி இதை மகளிடம் சொல்ல ஆரம்பித்தேன், குரல் வரவில்லை.

ஒரு மணி நேரத்தில் ஊரை முடிக்க நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. அருங்காட்சியகத்துக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க ஒதுக்குங்கள். மாம்போவின் மற்ற அறைகளை அதே நாளில் சேர்க்காதீர்கள், கண் தாங்காது. வீடு எல்லா நாளும் திறந்திருக்காது, நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். கையில் ஒரு பென்சிலும் சின்ன நோட்டும் இருக்கட்டும். நான் வாங்கி வந்தது ஒரே ஒரு படஅட்டை. இப்போது வீட்டு அடுப்படியில், எண்ணெய்த் தூக்குக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.