35 அங்குலமா, 37 அங்குலமா? முதலில் ரிம்மைப் பாருங்கள்

பாறை ஏறும் வண்டிக்கு டயர் மாற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால், "முப்பத்தைந்தா, முப்பத்தேழா?" என்ற கேள்விதான் முதலில் வரும், டயரின் மொத்த விட்டத்தை அங்குலத்தில் கேட்கிறார்கள். ரிம் எத்தனை அங்குலம் என்று கேட்பவர் குறைவு. என்னைக் கேட்டால் பேச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கழித்தல் கணக்குதான். 35 அங்குல டயரை 17 அங்குல ரிம்மில் மாட்டினால் ரிம் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே 9 அங்குலம் ரப்பர் நிற்கும். அதே உயர டயரை 20 அங்குல ரிம்மில் மாட்டினால் ஏழரை. தார்ச் சாலையில் இந்த வித்தியாசம் 20-க்குச் சாதகம்: வளைவில் வண்டி குழையாது, ஸ்டீயரிங் சொன்னதும் கேட்கும். பாறையில் கதை தலைகீழ். அங்கே காற்றைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டுத்தான் ஏறுகிறோம். சாலையில் 35 பி.எஸ்.ஐ. இருந்த டயரை 14-க்குக் கொண்டுவந்து, முழங்கால் உயரக் கல் ஒன்றின் மேல் மெல்ல ஏற்றிப் பாருங்கள். கல்லின் முனை ரப்பருக்குள் புதைகிறது. பக்கச்சுவர் தொந்திபோலப் பிதுங்குகிறது. தரையைத் தொடும் பரப்பு முன்னும் பின்னும் நீள்கிறது. வழுக்கவேண்டிய இடத்தில் டயர் கல்லைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. இப்படிப் பிதுங்க இடம் கொடுப்பது பக்கச்சுவரின் உயரம்தான்.

நான் முதலில் வைத்திருந்தது 20. வண்டியோடு வந்த ரிம். பார்க்க எடுப்பாகவும் இருந்தது. பக்கத்தில் நடந்து வருபவர் முந்திவிடக்கூடிய வேகத்தில், படிக்கட்டு போன்ற ஒரு பாறையில் முன் இடச் சக்கரத்தை ஏற்றினேன். 'டொக்' என்று ஒரு சத்தம், பிறகு சீறல். இறங்கிப் பார்த்தால் பக்கச்சுவரில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு வெட்டு, கத்தியால் கீறியதுபோல. கல்லும் ரிம் விளிம்பும் சேர்ந்து ரப்பரைப் பாக்குவெட்டியில் வைத்து நறுக்கியிருந்தன. அந்த இடத்தில் பஞ்சர் ஒட்டிப் பயனில்லை, டயர் குப்பைக்குத்தான். ரிம்மின் விளிம்பும் ஒரு விரற்கடை உள்ளே மடங்கியிருந்தது.

அப்படியானால் 15 இன்னும் நல்லதல்லவா என்று கேட்கலாம். கணக்குப்படி ஆம், 10 அங்குலம் ரப்பர் கிடைக்கும். பழைய ஜீப்புகளில் அதுதான் வழக்கமாகவும் இருந்தது. ஆனால் இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றின் பிரேக் டிஸ்க்கும் காலிப்பரும் 15-க்குள் அடங்காது. ஜீப் ராங்லர் ரூபிகான், ஃபோர்டு பிராங்கோவின் சாஸ்குவாட்ச் வகை இரண்டும் ஆலையிலிருந்தே 17-ல் வருவது தற்செயல் இல்லை.

இனி அந்தப் பழைய சண்டைக்கு வருவோம். 35-லிருந்து 37-க்குப் போனால் விட்டத்தில் 2 அங்குலம் கூடும். ஆக்சில் நடுவே தொங்கும் கியர் உருண்டையான டிஃபரன்ஷியலுக்கு அடியில் கூடுவது அதில் பாதி, 1 அங்குலம். அற்பமாகத் தெரியும். ஆனால் அந்த 1 அங்குலத்தை ஸ்பிரிங் மாற்றி வாங்க முடியாது. நீண்ட ஸ்பிரிங் போட்டு உடலை 4 அங்குலம் தூக்கினாலும் டிஃபரன்ஷியல் இருந்த உயரத்திலேயே தொங்கிக்கொண்டு கல்லில் இடிக்கும். அதை உயர்த்துவது டயர்தான். நேர்குத்தாக நிற்கும் படியிலும் பெரிய சக்கரம் எளிதில் ஏறும். இதுவரை வெற்றி 37-க்கு.

விலை பிறகு வருகிறது. ஆறு கியர் ரூபிகானை எடுத்துக்கொள்வோம். கியர் விகிதங்கள்: முதல் கியர் 5.13, நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் 4, ஆக்சில் 4.10, பெருக்கினால் 84. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் 84 சுற்று சுற்றும். ஆலை டயர் பெயருக்கு 33. பக்கவாட்டில் எழுதியிருக்கும் 285/70 ஆர்17-ஐக் கணக்கிட்டால் 32.7 அங்குலம்தான் வரும். அங்கே 35 மாட்டினால் 84 என்பது 79 போல இழுக்கும். 37 மாட்டினால் 74 போல. பாறையில் பிரேக்கை மிதிக்காமல் ஊர்ந்து இறங்கும் சுகம் இந்த எண்ணில்தான் இருக்கிறது. அதைத் திரும்பப் பெற ஆக்சில் கியரை 4.56-க்கோ 4.88-க்கோ மாற்ற வேண்டும், முன்னும் பின்னும் சேர்த்து. 2021-ல் ஜீப் நிறுவனமே 35 அங்குல டயரோடு ரூபிகானை விற்கத் தொடங்கியபோது கியரை 4.56 ஆக்கியது. 35-க்கே அப்படி என்றால் 37-க்கு யோசித்துக்கொள்ளுங்கள்.

உடைவது இன்னொரு செலவு. சக்கரம் இரு கற்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது, நாம் பொறுமையிழந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோம். டயர் சுழலாது, முறுக்கு முழுவதும் ஆக்சில் தண்டின் மூட்டில் போய் உட்காரும். டயர் பெரிதாக ஆக மூட்டின் பாடு திண்டாட்டம். டானா என்பது ஆக்சில் வகையின் பெயர், எண் கூடினால் வலுவும் கூடும். டானா 30 முன் ஆக்சிலில் 37 மாட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டானா 44 என்றால் கால் அடக்கமாக இருக்க வேண்டும். டானா 60 இருந்தால் கவலையில்லை, 40 வரை கூடப் போகலாம். ஆக, 37 வாங்குவது என்பது ஆக்சிலை மாற்றலாமா என்று யோசிப்பதுதான். டயர் அதற்குப் பிறகு.

அகல ரிம்மா, குறுகலா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. 12.5 அங்குல அகல டயருக்கு 8.5 அல்லது 9 போதும். ரப்பர் ரிம்மைத் தாண்டி வெளியே பிதுங்கி நின்று விளிம்பைக் காக்கும். காற்று குறைந்தாலும் டயர் ரிம்மிலிருந்து எளிதில் கழன்றுகொள்ளாது. 12 அங்குல அகல ரிம் புகைப்படத்துக்கு அழகு. டயரின் விளிம்பை ஒரு வளையத்தால் இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் ரிம் போட்டால் 6, 7 பி.எஸ்.ஐ. வரை இறங்கலாம்தான். ஆனால் வளையத்தைப் பிடித்திருக்கும் இருபது முப்பது போல்ட்டுகளையும் அடிக்கடி முறுக்கிச் சரிபார்க்க வேண்டும். பல வகைகள் சாலைக்கு வெளியே மட்டும் என்ற குறிப்போடுதான் விற்கப்படுகின்றன.

சொந்தச் சக்கரத்தில் பாறை வரை ஓட்டிப்போய், ஏறி முடித்து, அதே வண்டியில் வீடு திரும்புகிறவர்களுக்கு என் தேர்வு 35 அங்குல டயர், 17 அங்குல விட்டமும் 8.5 அங்குல அகலமும் உள்ள சாதாரண ரிம். டயர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை எழுத்தால் குறிப்பார்கள். எடை குறைந்த வண்டிக்கு அதிகச் சுமை தாங்கும் 'இ' வகையைவிட 'சி' நல்லது. பக்கச்சுவர் இளக்கமாக இருந்து சீக்கிரம் வளையும். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு 37-ம் பீட்லாக்கும்.

ஐந்தையும் ஒரேயடியாக வாங்கிவிடாதீர்கள். தெரிந்தவரிடம் ஒன்றைக் கடன் வாங்கி முன்பக்கம் மாட்டி, அந்தச் சக்கரத்தை ஒரு கல்லின் மேல் ஏற்றி நிறுத்தி, ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். மட்கார்டில் உரசும் இடம் தெரிந்துவிடும். பிறகு அதையே ஸ்டெப்னி இடத்தில் மாட்டிப் பின்கதவைத் திறந்து மூடுங்கள். 37 என்றால் கீல் முனகும்.